நான்கு நிமிடம் நிற்கும் பஸ்

மாத்தளை பஸ் நிலையத்தில் நான் இருந்த நேரக்காப்பாளர் கூண்டின் சன்னலுக்கு ஏழு கம்பிகள். நான்காவது கம்பிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே யாரோ எனக்கு முன்பே வளைத்து, ஒரு கை நுழையுமளவு இடம் செய்திருந்தார்கள். சாரதிகள் ஓட்ட அட்டையை அதன் வழியாக நீட்டுவார்கள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, வந்த நேரத்தை எழுதி, ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருடம் அந்த இடைவெளியில் எத்தனையோ கைகள் வந்து போயின. இப்போது நினைவில் தங்கியிருப்பது ஒரு கைதான். முழங்கை வரை சுருட்டிய சட்டை, மணிக்கட்டில் கடிகாரம் கிடையாது, கட்டைவிரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் கறுப்பு. எல்கடுவயிலிருந்து இறங்கும் மாலை பஸ்ஸின் சாரதியுடைய கை. ஐந்து முப்பத்தைந்துக்கு வர வேண்டிய வண்டி ஐந்து முப்பத்தொன்பதுக்கு வரும். அட்டையை நீட்டும்போது அவர் முகத்தில் பிந்தி வந்தவனின் கூச்சம் எதுவும் இருக்காது. அதுவே எனக்குப் பொறுக்காது.

அவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். மாத்தளையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை மட்டும் ‘டைம் ஐயா’ என்பார். மரியாதையா கேலியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் சரிபாதி என்றே இப்போது தோன்றுகிறது.

“என்ன நானா, இன்னைக்கும் நாலு நிமிஷமா?” என்பேன்.

“எழுதுங்க டைம் ஐயா. பேனா மை காஞ்சிரப் போவுது.”

“காரணம் சொன்னா அதையும் எழுதுவேன். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, பாருங்க.”

“அந்தக் கட்டம் ரெண்டு விரல் அகலம்தானே ஈக்குது. இது அதுக்குள்ள கொள்ளாது ஐயா.”

பின்னால் நிற்கும் கண்டக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் டிக்கெட் பையை நோண்டுவார். நான் சிவப்பு மையால் நான்கு என்று எழுதுவேன்.

எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். படிகளை எண்ணாமல் ஏற முடியாது, இட்லியை எண்ணாமல் சாப்பிட முடியாது. ஆகவே ஒரு வருட முடிவில் அந்த அட்டைகளையும் எண்ணினேன். மாலை ஓட்டம் முந்நூற்று நாற்பத்தெட்டு. பிந்தியவை இருநூற்று எண்பத்தொன்று; ஒரு நாள் மூன்று நிமிடம், ஒரு நாள் ஐந்து, சராசரி நான்கு. நேரத்துக்கு வந்தவை அறுபத்தேழு. அவற்றில் அறுபத்தொன்று ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மூன்று பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். விடுமுறை நாட்களில் சரியாக ஐந்து முப்பத்தைந்துக்கு வர முடிந்தவரால் வேலை நாட்களில் வர முடியாமைக்கு அசட்டையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று முடித்தேன். அந்த வாக்கியத்தை நான் இரண்டு தரம் திருத்தி எழுதியது ஞாபகம் இருக்கிறது. ஆறு கிழமையில் நானாவைத் தம்புள்ளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும் நாளில் கூண்டுக்கு வந்து, கம்பிக்குள்ளால் கையை நீட்டினார். அட்டை இல்லாத வெறும் கை. குலுக்கினேன். போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து வழித்தடப் பரிசோதனைக்காக நானே எல்கடுவ ஏறினேன். திரும்பி வரும்போது புதிய சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நாலே கால் மணிக்குப் புறப்பட்ட வண்டி நாலு இருபத்திரண்டுக்குக் கொழுந்து மடுவத்தைக் கடந்தது. மடுவம் என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கும் தகரக் கொட்டகை. தராசு தொங்கிக்கொண்டிருந்தது, கணக்கப்பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிய பெண்கள் கூடைகளோடு மழைச்சாரலில் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி கையை உயர்த்தினாள். அது தரிப்பிடம் அல்ல, வண்டி நிற்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. திருப்தியாக இருந்தது.

“பாத்தீங்களா ஐயா?” என்றார் கண்டக்டர். நானாவோடு இருந்த அதே மனிதர்தான்.

“எதை?”

“கொழுந்து நிறுக்காம பஸ்ஸேறினா அவங்களுக்கு அன்னைக்குப் பேர் விழாது. நிறுத்துட்டு வந்தா பஸ் இல்ல. வீடுங்க இருக்கிற கீழ்ப் பிரிவுக்கு அஞ்சு மைல் நடக்கணும். நானா இருந்தா நிப்பாட்டிக்கிட்டு இருப்பாரு.”

“இதை அவர் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க எழுதுவீங்க. எழுதினா, தரிப்பிடமில்லாத எடத்துல நிக்கக் கூடாதுன்னு மேல இருந்து கடுதாசி வரும். அதுக்குப் பதிலா லேட்டுன்னே எழுதிக்கட்டும்னு விட்டுட்டாரு.”

பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. கண்டக்டர் சொல்லி முடிப்பதற்குள் நான் திரும்பிப் பார்த்து எண்ணியிருந்தேன். பதினான்கு பெண்கள்.

ஊருக்கு வந்ததும், அந்த ஓட்டத்தின் வருகை நேரத்தை நான்கு நிமிடம் தள்ளிப்போடும்படி ஒரு கடிதம் எழுதினேன். நாலே வரி. ஆனால் அதை அனுப்பினால் என் மூன்று பக்க அறிக்கை அரைகுறை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். மேசை இலாச்சியிலேயே கிடந்தது. இரண்டு வருடத்தில் அந்த மாலை ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

நானாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஓய்வு பெற்ற பின், ஒரு கலியாண வீட்டுக்கு மரக்கறி எடுக்கத் தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். லொறிகளுக்கு நடுவே யாரோ கூப்பிட்டார்கள்.

“டைம் ஐயா! என்ன இங்கால? கேரட் லொறிக்கும் நேரம் எழுத வந்தீங்களா?”

தாடி முழுக்க வெள்ளை. யாரோ ஒரு முதலாளியின் லொறி ஓட்டுகிறாராம். நான் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன்: “நானா, அந்த ரிப்போட்டு விஷயம்…”

“உடுங்க ஐயா. நீங்க எழுதினதும் சரி, நான் நின்னதும் சரி.”

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் ஓடிப்போய் லொறியில் ஏறிக்கொண்டார்.  அவர் மௌத்தாகி அடக்கமான செய்தி எனக்கு நான்கு மாதம் பிந்தித்தான் வந்தது.

மனைவி போய் ஐந்து வருடம். மகன் கடல் கடந்து போகும்போது தன் கணினியை விட்டுப்போனான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது: ஐரோப்பிய நகரம் ஒன்றில் பஸ் ஓட்டுவது. எனக்கு ஓட்டுவதில் ருசி இல்லை. ஆனால் அதில் ஒரு நேர அட்டவணை இருந்தது, பிந்தினால் திரையில் சிவப்பு எழுத்தில் தாமதம் என்று வந்தது. அதைப் பார்த்து இரண்டு நாள் அசந்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, விளையாட்டைச் செய்தவர்கள் தராத தெருக்களையும் வண்டிகளையும் விளையாடுகிறவர்கள் தாங்களே செய்து சேர்க்கலாம் என்று. அதை மொட் என்கிறார்கள். மாத்தளை–எல்கடுவ வீதியைச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆயிற்று.

அந்தப் பாட்டை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருக்கிறது. வழிகாட்டி எனக்குத் தெரியாத ஒரு மொழியில் இருந்தது. விளையாட்டில் வண்டிகள் வீதியின் வலப்பக்கம் ஓடுபவை. நம் நாட்டு இடப்பக்கத்துக்கு மாற்றியபோது கதவு மட்டும் மாறவில்லை. எட்டு மாதம் என் பயணிகள் நடுவீதியில் இறங்கினார்கள். தேயிலைச் செடி ஆறாயிரம் நட்டபோது கணினி அப்படியே நின்றுவிட்டது. தொள்ளாயிரமாகக் குறைத்தேன், மலைக்குச் சிரங்கு பிடித்ததுபோல ஆயிற்று. வளைவு நாற்பத்து மூன்று, மதகு இருபத்தாறு, எதையும் விடவில்லை. ஆட்களைத்தான் செய்ய முடியவில்லை. விளையாட்டோடு வந்த பயணிகள் எல்லோரும் கம்பளிக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள். படங்கு கட்டிய ஒரு பெண்ணைச் செய்து பார்த்தேன். பதினொரு தரம் முயன்றும் அவள் கூடை முதுகை விட்டு அரை அடி தள்ளி அந்தரத்திலேயே மிதந்தது. அழித்துவிட்டேன்.

மடுவத்துக்கு முன்னால் வண்டி வந்ததும் பிரேக் தானாக விழும், கதவு திறக்கும், நான்கு நிமிடம் எந்தப் பொத்தானுக்கும் அசையாது. அதற்காகவே மற்றதையெல்லாம் செய்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் உத்தியோகத் தரிப்பிடப் பட்டியலில் அந்த இடம் கிடையாது. இல்லாததை எழுத எனக்குக் கை வராது. ஆகையால் என் பட்டியலிலும் அது இல்லை. மாத்தளை வந்து சேர வேண்டிய நேரத்தையும் ஐந்து முப்பத்தைந்து என்றே வைத்தேன். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் கடைசியில் சிவப்பு எழுத்து வரும். அவர் நின்றதும் சரி, நான் எழுதியதும் சரி.

இந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அதை வெளியிட்டேன். முறைப்பாடுகள் வரத் தொடங்கின. நான் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கொப்பியில் எழுதி, காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பதில் போட்டேன். முதல் வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஹோர்ன் பத்தாது, வண்டிக்குள் பாட்டு இல்லை, டிஸ்கோ லைட் போட்டுத் தாருங்கள் என்பவை ஐம்பத்திரண்டு. நன்றி என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். சும்மா சிரித்துவிட்டுப் போனவர்கள் இருபது. மீதி நூற்று முப்பத்தொன்றும் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியவை.

“அங்கிள், தேயிலைக்கு நடுவுல பஸ் ஹேங் ஆகுது. பிக்ஸ் பண்ணுங்க.”

“ஒருத்தரும் ஏறுறதும் இல்ல, எறங்குறதும் இல்ல. பேய் ஏறுதா அங்கிள்?”

அதிலிருந்து அந்த இடத்துக்குப் பேய் ஹோல்ட், அதாவது பேய்த் தரிப்பிடம், என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் படத்தைப் போட்டு, கதவருகே வெள்ளை உருவம் வரைந்து சிரித்தார்கள். நூற்று முப்பத்தொரு பேருக்கும் நான் எழுதிய பதில் ஒன்றே: “இது பிழையல்ல. இவ்வண்ணமே அமைக்கப்பட்டுள்ளது.” கேள்வி கேட்டவர்கள் யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன். ஏன் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு நாள் காலையில் குழுவைத் திறந்தால், யாரோ என் வீதியை எடுத்து, அந்த நிறுத்தத்தை வெட்டி, டிஸ்கோ லைட்டும் சேர்த்து, ‘மாத்தளை–எல்கடுவ, பிழை திருத்தியது’ என்று போட்டிருந்தார்கள். என்னுடையதை ஒரு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் இறக்கி எடுத்திருந்தார்கள். அதைப் பதினொரு நாளில் இரண்டாயிரம் பேர். நாற்பத்து மூன்று வளைவும் நான் செய்தவை. இருபத்தாறு மதகும் நான் செய்தவை.  இதய மாத்திரையைப் போட்டுக்கொண்டு குழுவின் நிர்வாகிக்கு எழுதினேன். அவரை நான் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. நல்ல மனிதர்.

“ஐயா, அதை நீக்கச் சொல்லுறேன்,” என்று எழுதியிருந்தார். “ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? அது ஏன் நிக்குதுன்னு நீங்க ஒரு வரி போட்டிருந்தா ஆக்களுக்கு வெளங்கியிருக்கும்தானே? என்னத்துக்கு நிக்குது?”

ஏன் என்று கேட்ட முதல் ஆள்.  மூன்றாம் நாள், அந்த ஒரு வரி அறுநூற்று நாற்பது சொல்லாக வந்தது. மடுவம், தராசு, பதினான்கு பெண்கள், கூண்டுச் சன்னல், டைம் ஐயா என்ற பெயர், மூன்று பக்க அறிக்கை, அசட்டை என்று நான் எழுதிய வாக்கியம், அனுப்பாத கடிதம் எல்லாம் எழுதினேன். நிர்வாகிக்கு மட்டும் அனுப்பாமல் குழுவிலேயே எல்லோரும் பார்க்கப் போட்டேன். போட்டுவிட்டுப் பயமாக இருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

மூன்று பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ஒருவர், “கதை நீளம் அங்கிள். லைட் போட்ட வேர்ஷன் லிங்க் எங்க?” என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். தினமும் ஒன்பது மணிக்குத் திறந்து பார்ப்பேன். பதினாறு நாள் வேறொன்றும் வரவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு கூண்டுக்குள் ஆயிரம் பேருக்கு நடுவே இருந்தவனுக்கு வீட்டின் சத்தமின்மை அந்தப் பதினாறு நாளில்தான் சரியாகக் கேட்டது.

பதினேழாவது நாள் ஒரு பெண் எழுதியிருந்தார். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலையாம். தம்பி விளையாடுகிறவன், அவன்தான் காட்டினானாம்.

“ஐயா, எங்கம்மாவும் அந்தப் பதினாலு பேருல ஒருத்தரா இருப்பாங்க. நான் அப்ப ஸ்கூல் விட்டு மேல வந்து மடுவத்துல ஒக்காந்திருப்பேன், அம்மாகூட பஸ்ஸுல எறங்குறதுக்கு. ஆனா நீங்க எழுதினது சரியில்லீங்க. நாலு நிமிஷம் இல்ல. பத்து, பதினொரு நிமிஷம் நிப்பாரு டிரைவர் நானா. கடைசி ஆளு கூடையை எறக்கி வச்சிட்டு ஓடியாற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் கீழ சந்தியில டீக்கு நிக்கிற பஸ்ஸு, எங்கள ஏத்துன நாள்ல நிக்காது. கண்டக்டர் மாமா கத்துவாரு, ‘நானா, எனக்கு டீ வேணும்’னு. ‘வீட்டுல போய்க் குடிடா, டைம் ஐயா காத்துக்கிட்டு ஈக்கிறாரு’ன்னுவாரு நானா. பஸ்ஸே சிரிக்கும். டைம் ஐயான்னா யாருன்னு எனக்கு இப்பதான் தெரியும்.”

சந்தியில் ஏழு நிமிடம். அது அட்டவணையில் சாரதியும் கண்டக்டரும் இளைப்பாற நானே போட்டுக்கொடுத்த ஏழு நிமிடம். ஞாயிறும் போயாவும் மடுவம் பூட்டியிருக்கும். அன்று அவர் சந்தியில் இறங்கி ஆற அமரத் தேநீர் குடித்துவிட்டு ஐந்து முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வேலை நாட்களில் பதினொன்று நின்று, ஏழைத் தன்னிடமிருந்து கழித்து, மீதி நான்கை மட்டும் என்னிடம் கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். இருநூற்று எண்பத்தொரு மாலை. என் கணக்கில் அந்த ஏழு இல்லவே இல்லை. எனக்குத் தெரிந்த எதையும் நான் எண்ணாமல் விட்டதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. கொப்பியை எடுத்து ஏழை இருநூற்று எண்பத்தொன்றால் பெருக்கிப் பார்த்தேன். விடையைப் பார்க்கப் பிடிக்காமல் மூடினேன்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன், என்னை மன்னிக்கச் சொல்லி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இரண்டு வரி: “திருத்தத்துக்கு நன்றி மகள். சரியான நேரத்தைப் போட்டுவிடுகிறேன்.” அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

மாற்ற வேண்டியது நான்கே இடத்தில். மடுவத்தில் நான்கை அழித்துப் பதினொன்று. சந்தியில் ஏழை அழித்துச் சுழியம். முப்பத்தொரு தரிப்பிடங்கள் கொண்ட பட்டியலில் முப்பத்திரண்டாவதாக ‘மடுவத்தடி’ என்று சேர்த்தேன். அதை எழுத ஒரு பகல் முழுக்கத் தயங்கினேன். மாத்தளை சேரும் நேரம் ஐந்து முப்பத்தொன்பது. வெளியிட்ட அன்றே முறைப்பாடு வந்தது: “அங்கிள், இப்ப பதினொரு நிமிஷம் நிக்குது! கூடிப்போச்சு!” இலக்கம் இருநூற்று நாற்பத்தேழு. இன்றைக்கு வரை எடுத்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவன் நான், ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க எடுத்தது.

நேற்றுக் காலை அதை ஓட்டினேன். எல்கடுவயில் நாலே கால் மணி என்று திரை காட்டியது. ஏழு நிமிடத்தில் மடுவத்தடி. பிரேக் விழுந்தது, கதவு திறந்தது. கோட்டுப் போட்ட ஆறு பேரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சிரங்கு பிடித்த மலையில் ஒருவரும் இல்லை. மூன்றாவது நிமிடத்தில் என் கால் ஆடத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று, எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் நேரம் எழுதியவன் நான். பதினொரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னும் ஆறு இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவைப் பார்த்தபடி, வண்டியோடு நானும் நின்றேன்.